தகரப் பட்டை

ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஆலைகளுக்கென்று ஒரு வாசனை உண்டு. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்த இரும்பு, சோப்புத் தண்ணீர், காயாத பெயிண்ட், மூலையில் ஈரச் சாக்கில் கட்டிவைத்த சாமந்தி. 1996 அக்டோபரில் அந்த வாசனைக்கு நடுவே, கடலோரம் இருந்த ஓர் இறால் பதப்படுத்தும் ஆலையின் பேனல் ரூமில் டார்ச் லைட் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு 22 வயது. ஆலை இருந்த செங்கல்பட்டுப் பகுதி அப்போது செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத்தில் இருந்தது. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு ஹெல்பராகச் சேர்ந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது.

பேனலுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தவர் எங்கள் வயர்மேன். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். நாற்பது வயது இருக்கும். ஃப்யூஸ் கேரியரைப் பிடுங்கும்போது அவர் நிற்கும் நிற்பைப் பார்த்தாலே தொழில் தெரிந்தவர் என்று சொல்லிவிடலாம். சுவிட்ச்சுக்கு நேர் எதிரே நிற்க மாட்டார். ஓரமாக ஒதுங்கி, இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டி, மூச்சை அடக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இழுப்பார். "ஏண்ணே மூஞ்சைத் திருப்புறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "எங்க மேஸ்திரி அப்படித்தான் செய்வார். நீயும் அப்படியே செய்யி" என்றார். காரணம் அவருக்கும் தெரியாது, அவர் மேஸ்திரிக்கும் தெரிந்திருக்காது. கைக்கு மட்டும் தெரிந்திருந்தது.

அன்று அவர் கையில் இருந்தது இரண்டு அங்குல பெயிண்ட் பிரஷ். பேனலுக்குள் தூசி தட்ட அதைவிடத் தோதான சாமான் கிடையாது. பிரஷ்ஷின் மயிரையும் மரக் கைப்பிடியையும் சேர்த்துக் கவ்வியிருக்கும் தகரப் பட்டை ஒன்று உண்டல்லவா, அதன் மேல் அண்ணன் எப்போதும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை நாலு சுற்று சுற்றிவைத்திருப்பார். அன்றைக்கு அது பூஜைக்காக ஸ்டோரிலிருந்து வாங்கிய புது பிரஷ். டேப் சுற்றவில்லை. டார்ச் வெளிச்சத்தில் பட்டை பளபளத்தது.

மெயின் பிரேக்கரை ஆஃப் செய்திருந்தோம். பிரேக்கரைத் தாண்டி உள்ள பஸ்பார்கள் எல்லாம் செத்துக் கிடந்தன. ஆனால் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் கேபிள் பிரேக்கரின் மேல் முனையில் வந்து சேர்கிறது. அங்கே 415 வோல்ட் அப்படியே நின்றுகொண்டிருக்கும். அதையும் நிறுத்த வேண்டும் என்றால் வெளியே யார்டுக்குப் போய், 11,000 வோல்ட் பக்கத்து ஏ.பி. சுவிட்ச்சை இறக்கி, எர்த் போட வேண்டும். அண்ணன் அதைத்தான் கேட்டார்.

"மெயின் ஆஃப்ல இருக்குல்ல, அப்புறம் என்னப்பா?" என்றார் அதிகாரி.

"மேல வர்ற கேபிள்ல கரண்ட் இருக்கு சார். யார்டுல இறக்கிட்டா நிம்மதியா வேலை பார்க்கலாம்."

"அதுக்கு ஒரு மணி நேரம் ஆகும். கோல்டு ரூம்ல சரக்கு இருக்கு. பத்து நிமிஷத்துல தட்டிட்டு வாங்க."

கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் ஒரு மணி நேரம் கரண்ட் இல்லாததால் அந்தக் கோல்டு ரூம் சரக்குக்கு எதுவும் ஆகியிருக்காது. இறால் கட்டி உருகியிருக்காது. இதை அண்ணன் அறிவார், அந்த அதிகாரியும் அறிவார். ஆனாலும் இரண்டாவது முறை கேட்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை. அண்ணன் என்னைப் பார்த்து, "டார்ச்சை நல்லா புடி" என்றார்.

பிரஷ் மேல் முனைக்குப் பக்கத்தில் போனது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு தெரிந்தது வெள்ளை மட்டும்தான். அதை வெளிச்சம் என்று சொல்ல வாய் வரவில்லை; வெளிச்சத்தில் பொருள்கள் தெரியும், இதில் எதுவும் தெரியவில்லை. கூடவே, திருவிழா அதிர்வேட்டைக் காதுக்குள் வைத்து வெடித்தது போல ஒரு சத்தம். நெஞ்சில் யாரோ உள்ளங்கையால் தள்ளியது போலப் போய்ச் சுவரில் மோதினேன். வாயில் செப்புக் காசைச் சப்பிய ருசி. மயிர் கருகிய நாற்றம். அது என் புருவம்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

அந்த நிமிடத்தில் நான் செய்த காரியத்தை இன்றும் மறக்க முடியவில்லை. சுவரில் காய்ந்த மூங்கில் கழி ஒன்று தொங்கும், கரண்ட் பிடித்தவரைக் கம்பியிலிருந்து தட்டிவிட. நான் பாய்ந்து போய் அந்தக் கழியை எடுத்தேன். எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தது அது ஒன்றுதான். கழியோடு திரும்பினால், அண்ணன் எதிலும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. பேனலிலிருந்து நாலடி தள்ளித் தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்தபடி, "டார்ச்சை அடிடா தம்பி, ஒண்ணும் தெரியல" என்றார். டார்ச் கீழே விழுந்து உருண்டு, அவர் முகத்துக்கு நேராகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

அவர் போட்டிருந்தது டெரிலின் சட்டை. கசங்காது, சீக்கிரம் காயும், இஸ்திரி வேண்டாம் என்று எங்கள் வீடுகளில் அதற்கு அவ்வளவு மதிப்பு. அது எரியவில்லை. உருகித் தோலோடு ஒட்டியிருந்தது. உள்ளே போட்டிருந்த கையில்லாத பருத்தி பனியன் இருந்த இடமெல்லாம் தோல் பிழைத்திருந்தது. பனியன் முடியும் தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் பிழைக்கவில்லை. பனியனின் ஓரம் அவர் உடம்பில் கோடு போட்டது போல் தெரிந்தது. கழுத்துச் செயினில் தொங்கிய முருகன் டாலரின் வடிவம் நெஞ்சுக் குழியில் பதிந்திருந்தது.

கேன்டீன் அக்கா ஒரு குண்டான் நிறைய இட்லி மாவோடு ஓடிவந்தார். தீப்பட்ட இடத்தில் மாவு, பேனா மை, பற்பசை என்று எதையாவது அப்பும் வழக்கம் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறது. அவரைத் தடுத்தவர் பாய்லர் பார்க்கும் பெரியவர். வாழ்நாள் முழுக்க நீராவியோடு புழங்கியவர். "ஒண்ணும் பூசாதீங்கம்மா, தண்ணி விடுங்க" என்று ஹோஸ் பைப்பை இழுத்து வந்து, வண்டி வரும்வரை தண்ணீரை நிறுத்தவே இல்லை. சுத்தமான குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் ஓடவிடு, ஒட்டிய துணியைப் பிய்க்காதே, மோதிரம் வாட்ச் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்று என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெரியவர் அதை அப்படியே செய்தார். செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரியில் முதல் சிகிச்சை, அங்கிருந்து கீழ்ப்பாக்கம் தீக்காய வார்டு. ஏழு வாரம். தொடையிலிருந்து தோல் எடுத்துக் கைகளுக்கு வைத்தார்கள். கொசுவலைக்கு உள்ளிருந்து அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எனக்கு ஷாக்கே அடிக்கலியேடா, அப்புறம் எப்படி?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. விபத்துப் படிவத்தில் மட்டும் ஒரு பதில் இருந்தது. காரணம் என்ற கட்டத்துக்குள் 'பணியாளரின் கவனக்குறைவு' என்று எழுதி, சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். யார்டில் சுவிட்ச்சை இறக்கக் கேட்டார், மறுக்கப்பட்டது என்று நான் சொல்லவில்லை. பெர்மனன்ட் ஆக வேண்டும், தங்கைக்குக் கல்யாணம் செய்ய வேண்டும் என்று எனக்கு ஆயிரம் இருந்தது. அந்தக் கையெழுத்தின் கனம் இன்றுவரை குறையவில்லை.

*

பதில் தெரிய எனக்குப் பதிமூன்று வருடம் ஆயிற்று.

2009ல் ஜி.எஸ்.டி. சாலையோரம் வேறொரு ஆலையில் சூப்பர்வைசராக இருந்தேன். புதுப் பேனல்கள் வந்து இறங்கின. ஒவ்வொரு கதவிலும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஸ்டிக்கர். நமக்குத் தெரிந்த மண்டை ஓடும் எலும்பும் அதில் இல்லை. ஒரு மனிதன், அவனை நோக்கிச் சீறும் வெடிப்பு, கீழே சில எண்கள்: இத்தனை கலோரி, இத்தனை தூரம். பயிற்சி கொடுக்க வந்த பொறியாளரிடம், இது என்ன கலோரி என்று கேட்டேன். ஒரு சதுர சென்டிமீட்டர் தோலில் எவ்வளவு சூடு விழும் என்ற கணக்கு என்றார். 1.2 கலோரி விழுந்தாலே தோல் கொப்புளிக்கும். சிகரெட் லைட்டரின் நீலச் சுவாலையில் விரல் நுனியை ஒரு விநாடி வைத்தால் ஏறக்குறைய ஒரு கலோரி. அந்தச் சூடு முகம், கழுத்து, கை எல்லாவற்றிலும் ஒரே சமயத்தில் விழுவதை நினைத்துப் பாருங்கள் என்றார். நான் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அன்றுதான் 'ஆர்க் ஃபிளாஷ்' என்ற பெயர் என் காதில் விழுந்தது. நாங்கள் 'ஃபிளாஷ் அடிச்சிடுச்சு' என்போம். ஈ.பி.யில் 'பிளாஸ்ட் ஆயிடுச்சு' என்பார்கள். பேப்பரில் எல்லாமே 'ஷார்ட் சர்க்யூட்'. பாடப்புத்தகத்தில் 'மின்வில்' என்று அழகான சொல் ஒன்று இருந்தது. அதைப் படித்து மார்க் வாங்கியவன்தான் நான். ஆனால் அந்த வில் மனிதன் மேல் எய்யும் என்று அந்தப் பாடத்தில் இல்லை.

கம்பியில் ஓடும் மின்சாரம் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குக் காற்று வழியாகப் பாய்வதுதான் ஆர்க். சாதாரணமாகக் காற்று அதைத் தாங்கி நிற்கும். நடுவில் ஒரு தகரப் பட்டையோ, பல்லியோ, கைதவறிய ஸ்பேனரோ ஒரு நொடி தொட்டால் போதும். தொட்ட உலோகம் ஆவியாகிறது. அந்த ஆவியே பாதையாகிறது. பிறகு பட்டை எரிந்து தீர்ந்தாலும் பாதை மூடுவதில்லை. நடுவில் வெப்பம் 20,000 டிகிரியைத் தொடலாம். சூரியனின் மேற்பரப்பே சுமார் 5,500 டிகிரிதான். செம்பு ஆவியானால் பல்லாயிரம் மடங்கு விரியும். 67,000 மடங்கு என்பது இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் கணக்கு. சத்தம், தள்ளு, உருகிய செம்புத் துளிகள் எல்லாம் அந்த விரிவின் வேலை. இவ்வளவுக்கும் மின்சாரம் உடம்பைத் தொடவே தேவையில்லை. அண்ணனின் கேள்விக்குப் பதில் இதுதான்.

அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் லீ 1982லேயே இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். மின்சாரத்தின் 'மற்றொரு ஆபத்து' என்பது அதன் தலைப்பிலேயே வருகிறது. அதை ஒட்டி அந்த நாட்டின் பணியிட மின் பாதுகாப்பு விதியான என்.எஃப்.பி.ஏ. 70இ-யில் 1995ல் ஆர்க் ஃபிளாஷ் இடம்பெற்றது. கணக்கிடும் முறை ஐ.இ.இ.இ. 1584 என்ற பெயரில் 2002ல் வந்தது. அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்த நாளில் உலகத்துக்கு இது புதுச் செய்தி இல்லை. எங்கள் பேனல் ரூம் வரைக்கும் அது வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

எங்களிடம் என்ன இருந்தது? 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின்படி சுவரில் 'மின் அதிர்ச்சிக்கு முதலுதவி' சார்ட் இருந்தது. விழுந்து கிடப்பவருக்கு மூச்சு வரவழைக்கும் படங்கள். கதவில் 'அபாயம்' பலகை. தரையில் ரப்பர் மேட். சிவப்பு வாளியில் மணல். எல்லாமே நல்லவை, எத்தனையோ உயிர்களைக் காத்தவை. ஆனால் எல்லாம் ஷாக்கையும் தீயையும் பார்த்து நிற்பவை. ரப்பர் மேட் கண்ணைக் காக்காது. ரப்பர் கையுறை ஷாக்கைத் தடுக்கும், ஃபிளாஷின் சூட்டுக்கு அது மட்டும் போதாது. மேலே தோல் கையுறை வேண்டும்.

இதில் என்னைக் கலங்கவைத்த விஷயம் ஒன்று உண்டு. நாங்கள் ஐ.டி.ஐ.யில் படித்தபோது பக்கத்து ஷெட்தான் வெல்டர் பிரிவு. அங்கே கண்ணாடி ஷீல்டு இல்லாமல் ஒரு பையன் ராடைத் தொட்டால் மாஸ்டர் விரட்டி அடிப்பார். எட்டி நின்று வேடிக்கை பார்த்தவனுக்குக்கூட ராத்திரி கண்ணில் மணல் கொட்டியது போல உறுத்தும். அது நூறு இருநூறு ஆம்பியர் ஆர்க். அதற்கு ஷீல்டு, தோல் ஏப்ரன், கையுறை. எங்கள் ஆலையில் இருந்தது 500 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர். முழு லோடில் 667 ஆம்பியர் கொடுக்கும். அதன் வாயிலேயே ஷார்ட் ஆனால் 13,000 ஆம்பியருக்கு மேல் பாயும். அதற்கு முன்னால் டெரிலின் சட்டையோடு உட்கார்ந்தோம். ஒரே ஆர்க், ஒரே ஐ.டி.ஐ., நடுவில் ஒரே ஒரு சுவர்.

பயிற்சி நடந்த அன்று இரவு 1996ஆம் வருடத்துப் பேனலைத் தாளில் வரைந்து பார்த்தேன். இந்தச் சூடு எத்தனை நேரம் நீடிக்கிறதோ அத்தனை மடங்கு ஏறும். ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கில் பிரேக்கர் விழுந்தால் ஒரு அளவு, ஒரு முழு விநாடி ஆனால் அதைப்போல் பத்து மடங்கு. அண்ணனின் பிரஷ் தொட்டது மெயின் பிரேக்கருக்கு மேல் முனை. தனக்கு மேலே நடப்பதை அந்தப் பிரேக்கரால், ஆனில் இருந்தாலும் ஆஃபில் இருந்தாலும், நிறுத்த முடியாது. நிறுத்த வேண்டியது யார்டில் இருந்த ஃப்யூஸ். உள்ளே பல ஆயிரம் ஆம்பியர் எரிந்தாலும், 11,000 வோல்ட் பக்கத்தில் அது சில நூறு ஆம்பியராகத்தான் தெரியும். அந்த ஃப்யூஸ் நிதானமாகத்தான் போகும். அது போகும்வரை அந்த வில் எரியும். பத்திரம் என்று நினைத்து நாங்கள் ஆஃப் செய்த பேனலில், இருப்பதிலேயே ஆபத்தான இடம் எது என்று பார்த்து அவரை உட்காரவைத்திருக்கிறோம். தாளை மடித்து வைத்துவிட்டு வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். 'கவனக்குறைவு' என்ற சொல்லுக்குக் கீழே இருந்த என் கையெழுத்துதான் கண்ணுக்குள் நின்றது.

*

அதற்குப் பிறகு வேலை என்னைக் கடற்கரைக்கு இழுத்துப்போனது. கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுதிகளும் பம்ப் ஹவுஸ்களுமாகப் பராமரிப்புக் குத்தகை. அந்தக் கரையில் மின்சாரத்துக்கு உப்பைவிடப் பெரிய எதிரி இல்லை. கடற்கரைக் கோயிலின் பல்லவச் சிற்பங்களை ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக மழுங்கடித்துவரும் அதே காற்றுதான். அந்தக் கல்லைக் காப்பாற்றச் சவுக்கு நட்டுக் காற்றை மறித்தார்கள். கம்பத்துப் பீங்கானுக்குச் சவுக்கு மறைப்பு கிடையாது.

கோடை முழுக்கக் காற்று உப்பைக் கொண்டுவந்து இன்சுலேட்டர் மேல் பூசும். காய்ந்த உப்பு ஒன்றும் செய்யாது. மார்கழிப் பனி இறங்கும் விடியற்காலையில் அந்த உப்பு ஈரமாகி மின்சாரத்துக்கு வழி விடும். நாலு மணிக்கு எழுந்து வெளியே வந்தால், கம்பத்து மேல் பாம்பு சீறுவது போல் சத்தம் கேட்கும், நீலமாக ஒன்று ஊர்வது தெரியும். மீன் பிடிக்கக் கிளம்பும் ஆட்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போவார்கள். அது முற்றினால் ஃபிளாஷ் ஓவர். பேனலுக்குள்ளும் இதே கதைதான்: போல்ட் துருப்பிடிக்கும், ஜாயின்ட் தளரும், தளர்ந்த ஜாயின்ட் சூடாகும், ஒருநாள் வெடிக்கும். கேபிள் நுழையும் ஓட்டையை அடைக்காமல் விட்டால் பல்லியும் எலியும் உள்ளே வரும். அதனால் நான் கை வைத்த இடத்திலெல்லாம் முதல் வேலை ஓட்டை அடைப்பது. இரண்டாவது, பெரிய மழைக்கு முன்னால் கரண்டை நிறுத்திப் பீங்கானைத் துடைப்பது, ஜாயின்ட்டுகளை முடுக்குவது.

2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரை கடந்தது. விடிந்தபோது ஒரு விடுதியின் பேனல் ரூமில் இருந்தேன். ஜன்னல் பிய்த்துக்கொண்டு போய், அலையின் சாரல் நேரே பேனல் மேல் அடித்திருந்தது. ஈ.பி. லைன் வந்துவிட்டது. மாடியில் விருந்தினர்கள் கரண்ட் கேட்கிறார்கள். மேனேஜர் வாசலில் நின்று, "பத்தே நிமிஷம் சார், மெயினை மட்டும் போட்டுவிடுங்க" என்றார். பொடியன் ஒருவன், 23 வயது, பிரேக்கருக்கு நேர் எதிரே நின்று கைப்பிடியில் கை வைத்துவிட்டான். பாலியஸ்டர் டீ ஷர்ட்.

பத்து நிமிடம் என்ற அந்தச் சொல் என் காதில் வேறு யாருடைய குரலாகவோ விழுந்தது. "தம்பி, கையை எடு. வெளியே வா" என்றேன். யார்டில் இறக்கி, எர்த் போட்டு, பேனலைத் திறந்து, இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர் வைத்தோம். முள் பூஜ்யத்தை விட்டு நகரவே இல்லை. பஸ்பார் தாங்கிகளில் உப்புத் தண்ணீர் கோடு கோடாக வழிந்திருந்தது. நல்ல தண்ணீரில் துடைத்து, ஹாலஜன் விளக்கு வைத்துக் காய வைத்து, மறுபடி மெகர் பார்த்துச் சார்ஜ் செய்ய மத்தியானம் ஆயிற்று. விருந்தினர்கள் கோபித்துக்கொண்டார்கள். மேனேஜர் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. வேறு ஒன்றும் நடக்கவில்லை. நடக்காமல் போன விபத்துக்கு எந்தப் படிவமும் கிடையாது, யார் கையெழுத்தும் வேண்டியதில்லை. அன்று மாலை அந்தப் பையன் டீக்கடையில் முழுக் கைகளோடு உட்கார்ந்து பஜ்ஜி தின்றதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

*

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஆர்க் சூட் போட்டால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். 4, 8, 25, 40 கலோரி என்று படிப்படியாக உடை இருக்கிறது. வேண்டியதுதான், பேனல் கதவைத் திறந்து கரண்ட் இருக்கிறதா என்று சோதிக்கும்போதும், பிரேக்கரை ரேக்-அவுட் செய்து வெளியே இழுக்கும்போதும் அது உடம்பில் இருந்தே ஆக வேண்டும். ஆனால் அந்த 40 கலோரி உடையைக் கத்திரி வெயிலில், மின்விசிறி இல்லாத செங்கல்பட்டு பேனல் ரூமில் போட்டுப் பார்த்தவன் நான். ஐந்து நிமிடத்தில் உள்பனியன் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். முகமூடிக் கண்ணாடி பச்சையாக மங்கும். கையில் ஸ்குரூ பிடிபடாது. பத்தாவது நிமிடம் யாராக இருந்தாலும் முகமூடியைத் தூக்கிவிடத்தான் செய்வார்கள். அந்த உடை உயிரைக் காக்கும் கடைசிச் சுவர். கடைசிச் சுவரை மட்டும் கட்டிவிட்டு வீடு கட்டியாயிற்று என்று சொல்லக் கூடாது.

முதல் சுவர், கரண்ட் இல்லாமல் வேலை செய்வது. மின்சாரம் வரும் எல்லா வழிகளையும் நிறுத்து. பூட்டுப் போடு, சீட்டு மாட்டு. டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா பார். பிறகு வேலை செய்யும் இடத்தில் வை. மறுபடி கரண்ட் உள்ள இடத்தில் வைத்துப் பார். நடுவில் டெஸ்டரே செத்திருந்தால் செத்த பேனல் என்று ஏமாந்துபோவாய். அப்புறம் எர்த் போடு. அதற்கு அடுத்த சுவர் தூரம்: விலகி நின்று இயக்கு, ரிமோட்டில் ரேக் செய். நிற்கும் தூரம் இரண்டு மடங்கானால் மேலே விழும் சூடு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அதற்கும் அடுத்தது நேரம்: வெளிச்சத்தைப் பார்த்ததும் சில மில்லி விநாடிகளில் பிரேக்கரைத் தட்டும் ரிலேக்கள் வந்துவிட்டன, பெரிய பேனல்களில் அவற்றைக் கேட்டு வாங்குங்கள். இவை எல்லாவற்றுக்கும் பிறகுதான் உடை. அந்த உடை வாங்க வழியில்லாத சின்னப் பட்டறையாக இருந்தால், குறைந்தது முழுக்கை வைத்த பருத்திச் சட்டை. டெரிலின், நைலான், பாலியஸ்டர் எதுவும் பேனல் பக்கம் வேண்டாம். மோதிரம், வாட்ச், செயின், வெள்ளி அரைஞாண் எல்லாம் லாக்கரில். பருத்தி ஆர்க்கைத் தடுக்காது, பற்றிக்கொள்ளவும் செய்யும். ஆனால் உருகித் தோலோடு ஒட்டாது. அண்ணன் உடம்பில் பனியன் போட்ட கோட்டைப் பார்த்த எனக்கு இதை யாரும் நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை.

சட்டத்தில் இதற்கு இடம் இல்லாமல் இல்லை. மத்திய மின்சார ஆணையம் 2010ல் கொண்டுவந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகள், மின்கருவியில் வேலை செய்பவருக்குக் கையுறை, ரப்பர் ஷூ, ஹெல்மெட், எர்த்திங் சாதனம், லைன் டெஸ்டர் கொடுத்தாக வேண்டும் என்று பட்டியலே போட்டன. 2023ல் அவை புதுப்பிக்கப்பட்டன. ஆனால் எந்தப் பட்டியலாலும் கொடுக்க முடியாத ஒன்று உண்டு: "ஆஃப் பண்ணாம கை வைக்க மாட்டேன் சார்" என்று ஒரு ஹெல்பர் சொன்னால், மறுநாளும் அவனுக்கு வேலை இருக்கும் என்ற நம்பிக்கை. அதை முதலாளியும் அதிகாரியும்தான் கொடுக்க முடியும். 2020 ஆகஸ்ட் 20ஆம் தேதி இரவு தெலங்கானாவில் ஸ்ரீசைலம் இடதுகரை நிலத்தடி மின்நிலையத்தில் பேனலில் பிடித்த தீ ஒன்பது பேரைக் கொண்டுபோனது. செய்தியைப் படித்தபோது ஒன்பது வீடுகளும் அந்த வீடுகளின் ஆயுத பூஜையும்தான் எனக்கு நினைவுக்கு வந்தன.

*

அண்ணன் இருக்கிறார். அறுபத்தெட்டு முடிந்துவிட்டது. திருக்கழுக்குன்றத்தில் மகனோடு சின்னதாக எலக்ட்ரிக்கல் சாமான் கடை. இரண்டு சிறு விரல்கள் மடங்கியே இருக்கும், சில்லறையை உள்ளங்கையால்தான் வாரி எடுப்பார். பதிமூன்று வருடம் கழித்து அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கையெழுத்துப் போட்டதையும் சேர்த்து. நான் வரைந்திருந்த படத்தை வெகுநேரம் பார்த்தார். "அப்போ மேஸ்திரி மூஞ்சைத் திருப்பினது இதுக்குத்தானா" என்று மட்டும் கேட்டார். பிறகு, "அந்தப் பேப்பர்ல நீ போட்டது போகட்டும்டா. இனிமே எவனையும் போட விடாத" என்றார்.

இப்போது நான் பார்க்கும் ஆலையில் ஆயுத பூஜைக்கு முதல் நாள் அவரை வரவழைக்கிறேன். பூஜைக்கு முன் யார்டில் ஏ.பி. சுவிட்ச் இறங்கும், எர்த் விழும், இரண்டு மணி நேரம் ஆலை நிற்கும். அந்த இரண்டு மணி நேரத்தை நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுதி வாங்கிவைத்திருக்கிறேன். பிள்ளைகள் தூசி தட்டுகிறார்கள். எல்லா பிரஷ்ஷிலும் தகரப் பட்டையின் மேல் கறுப்பு டேப் இருக்கிறது; செத்த பேனல்தான், இருந்தாலும் சுற்றச் சொல்லியிருக்கிறேன். முடிந்ததும் கதவை மூடி, மூடிய கதவின் மேல்தான் சந்தனமும் குங்குமமும்.

போன வருடம் ஒரு புது ஹெல்பர் டார்ச்சோடு நின்றான். தூசி தட்டும் பையன் பிரஷ்ஷை உள்ளே நீட்டப் போனான். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணன் மடங்கிய விரல்களோடு கையைத் தூக்கி, "இரு" என்றார். எல்லோரும் திரும்பினார்கள்.

"பூட்டு சாவி யார்கிட்ட?"

பையன் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு இடுப்புப் பையைத் தொட்டுப் பார்த்தான். எடுத்துக் காட்டினான்.

"என்கிட்டதான் இருக்கு தாத்தா."

"அப்போ செய்யி" என்றார் அண்ணன்.